பூசாத சுவருக்குள் பதினோரு வருடம்

(மேலப்பாளையத்தில் மஹல்லா குடும்பக் கூட்டம் ஒன்றில், ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை இது. தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவரது பேச்சைப் பெரும்பாலும் அப்படியே தந்திருக்கிறோம்.)

   

நான் ஆலிம் அல்ல. பேச்சாளனும் அல்ல. ஜவுளிக்கடையில் பேரேடு எழுதிக்கொண்டிருப்பவன். மைக்கைப் பிடித்து நிற்பது இதுதான் முதல் தடவை. 'சிக்கனமும் நன்றியும்' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். சிக்கனத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கடன் கற்றுக்கொடுத்ததுதான். அது வீட்டுக் கடன். வட்டிக் கடன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்வரிசையில் இருந்து ஒருவர் எழுந்து, "வட்டிக்கு வாங்கியவனை எதற்கு மேடையில் ஏற்றினீர்கள்?" என்று கேட்பதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது. வட்டி ஹராம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் செய்தது சரி என்று வாதாட வரவில்லை. ஆனால் இந்தக் கூட்டத்தில் எத்தனை வீட்டுப் பத்திரம் இன்றைக்கு வெளியே இருக்கிறது என்று கையைத் தூக்கச் சொன்னால் எத்தனை கை எழும்? யாரும் தூக்க வேண்டாம். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் வெளியே வரும் வழியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

வாங்கிய கதை

கல்யாணமாகி ஒன்பது வருடம் ஒத்தி வீடுகளில்தான் இருந்தோம். ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது. கொடுத்த கடனுக்கு ஈடாக இன்னொருவர் வீட்டை அனுபவிப்பதும் வட்டியின் வாசல்தான் என்று ஆலிம்கள் சொல்வதை அப்போது நான் கேட்டதில்லை. ஒன்பது வருடத்தில் நாலு வீடு மாறினோம். ஒரு வீட்டுக்காரர் மகளுக்குக் கல்யாணம் என்பார், இன்னொருவர் இடித்துக் கட்டப்போகிறேன் என்பார். பாத்திரம் பண்டத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றி, அதன் பின்னால் என் உம்மா கையில் மண்ணெண்ணெய் அடுப்போடு நடந்து வந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

வாப்பா விட்டுப்போன ஒன்றேகால் சென்ட் மனை ஒன்று கிடந்தது. சொந்தக்காரர்களிடம் கைமாற்றுக் கேட்டேன். இரண்டு பேர் மனம் இரங்கி அறுபதாயிரம் கொடுத்தார்கள், அல்லாஹ் அவர்களுக்கு அருள் செய்வானாக. மற்றவர்கள், "உனக்கு எதற்கு இந்த வயதில் வீடு?" என்றார்கள். அறுபதாயிரத்தில் அஸ்திவாரம் வரும், கூரை வருமா?

2006இல் கடன் கொடுக்கும் அலுவலகம் ஒன்றின் படி ஏறினேன். ஐந்து லட்சம். எட்டரை விழுக்காடு வட்டி. பதினைந்து வருடம். மாதத் தவணை 4,924 ரூபாய். எனக்குச் சம்பளம் அப்போது ஒன்பதாயிரம். வீட்டில் அவள் பீடி சுற்றிக் கொண்டுவருவது தனி. மூலப்பத்திரத்தை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தபோது, பெற்ற பிள்ளையை யாரிடமோ விட்டுவிட்டு வந்தது போல இருந்தது.

வீடு எழும்பியது. இரண்டு அறை, ஒரு அடுப்படி. உள்பக்கம் பூசி முடிக்கும்போது காசு தீர்ந்துவிட்டது. வெளிச்சுவர் செங்கல் தெரிய அப்படியே நின்றது. ஆறு மாதத்தில் பூசிவிடலாம் என்று கொத்தனாரிடம் சொன்னேன்.

கடைக்கணக்கு தெரிந்தவனுக்கு வீட்டுக்கணக்கு தெரியவில்லை

இரண்டு வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினேன். 24 தவணை. மொத்தம் 1,18,176 ரூபாய். 2008 அக்டோபரில் ஒரு நாள் அந்த அலுவலகத்திற்குப் போய், "என் பாக்கி எவ்வளவு?" என்று கேட்டேன். ஒரு தாளை அச்செடுத்துக் கொடுத்தார்கள். பாக்கி அசல் 4,68,000. அதாவது ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் கட்டியதில் அசலில் கழிந்தது முப்பத்திரண்டாயிரம்!

அதுகூடப் பரவாயில்லை. தாளின் அடியில், மீதித் தவணைகள் என்ற இடத்தில் 253 என்று போட்டிருந்தது. தப்பாக அடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பதினைந்து வருடத்திற்கு 180 தவணை. 24 கட்டியாயிற்று. மீதி 156தானே?

"வட்டி மாறிவிட்டது பாய். உங்களுடையது மாறும் வட்டி. இப்போது பதினொன்றரை. தவணையை ஏற்றினால் உங்களுக்குக் கஷ்டம் என்று மாதங்களை ஏற்றியிருக்கிறோம்" என்றார் அங்கிருந்தவர். என் கஷ்டத்தைப் பார்த்து எனக்குச் சொல்லாமலே செய்த உபகாரம்! அந்த வருடம் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை ஒன்பது விழுக்காடு வரை ஏற்றியிருந்தது. அது பத்திரிகையில் வந்த செய்திதான். நானும் படித்திருப்பேன். என் வீட்டோடு சேர்த்து யோசிக்கவில்லை.

பேருந்தில் வரும்போது சட்டைப்பையில் இருந்த பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். 4,68,000க்குப் பதினொன்றரை விழுக்காடு என்றால் ஒரு மாத வட்டி மட்டும் 4,485. நான் கட்டுவது 4,924. வட்டி போக அசலுக்குப் போவது 439 ரூபாய். வட்டி அப்படியே நின்றால் 277 மாதம் கட்டி முடிக்கும்போது நான் கொடுத்திருப்பது 13 லட்சத்து 64 ஆயிரம். வாங்கியது ஐந்து லட்சம்.

சகோதரர்களே! வட்டி ஏன் தடுக்கப்பட்டது என்று எத்தனையோ பயான் கேட்டிருக்கிறேன். அந்த 439 ரூபாய் விளக்கியது போல ஒன்றும் விளக்கவில்லை.

அன்றிரவு நடந்தது

அந்தத் தாளை வீட்டில் காட்டினேன். அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் ஆயிரம் பீடிக்கு எத்தனை கட்டு, எவ்வளவு இலை, எவ்வளவு தூள் என்று வாய்க்கணக்காகச் சொல்வாள். அவள் கேட்டது ஒரே கேள்வி: "இந்த 439ஐ 1,439 ஆக்கினா எத்தனை மாசம் குறையும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயிரம் ரூபாய் கூடக் கட்டினால் அது முழுக்க அசலில் கழியும். அசலுக்குப் போவது மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிடும். விடிய விடியப் போட்டுப் பார்த்தேன். 253 மாதம், பன்னிரண்டரை வருடத்திற்குள் வந்து நின்றது.

இதை இன்றைய கணக்கிலும் சொல்கிறேன். பத்து லட்சம், ஒன்பது விழுக்காடு, இருபது வருடம் என்றால் தவணை சுமார் 8,997 ரூபாய். முதல் மாதத்தில் அதில் 7,500 வட்டி, அசலுக்குப் போவது 1,497. இருபது வருடத்தில் கட்டுவது 21 லட்சத்து 59 ஆயிரம். முதல் மாதத்திலிருந்து ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கட்டினால் பதினைந்தரை வருடத்தில் முடிகிறது. மிச்சமாவது ஏறத்தாழ மூன்று லட்சம். ஒரு நாளைக்கு முப்பத்துமூன்று ரூபாய். இரண்டு டீ, ஒரு வடை.

ஆயிரம் எங்கிருந்து வரும்? மறுநாள் மகனின் பழைய நோட்டில் மீதியிருந்த தாள்களைத் தைத்து, ஒரு மாதம் எல்லாச் செலவையும் எழுதினோம். ஒரு ரூபாய்க்கு வாங்கிய கருவேப்பிலை வரை எழுதினாள். மாதக் கடைசியில் அதை நான் இரண்டாகப் பிரித்தேன். எங்கள் வயிற்றுக்கும் உடம்புக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் ஆன செலவு ஒரு பக்கம். மற்றவர் கண்ணுக்காக ஆன செலவு இன்னொரு பக்கம்.

இரண்டாவது பக்கத்தைப் படிக்க வெட்கமாக இருந்தது. கல்யாண வீடுகளுக்குப் போட்டுக்கொண்டு போக ஒரு சேலை. "போன தடவையும் இதைத்தானே கட்டியிருந்தாள்" என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் வாடகையில் பங்கு. கடை வாசலில் நாலு பேர் நிற்கும்போது டீக்கு நான்தான் காசு கொடுக்க வேண்டும் என்ற வீம்பு. என் சகலை வண்டி வாங்கிவிட்டார் என்பதற்காக நானும் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம் கட்டி வைத்திருந்தேன். வீட்டிலிருந்து கடைக்குப் போக சைக்கிளில் இருபது நிமிடம்! முன்பணத்தைத் திரும்ப வாங்கினேன். அதில் நூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். போகட்டும்.

சாப்பாட்டில் கை வைக்கவே இல்லை என்று சொன்னால் பொய். ரேஷனில் கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி போட ஆரம்பித்தது அந்த 2008 செப்டம்பரில்தான். 2011 ஜூனிலிருந்து இலவசமாகவே கொடுத்தார்கள். அதுவரை அந்த அரிசியைக் கோழிக்குப் போடுகிறவர்கள் என்று பெயர் வாங்கியிருந்தோம். நன்றாகக் கழுவி ஊற வைத்து வடித்தால் அதுவும் சோறுதான். இட்லிக்கு அதைவிட நல்ல அரிசி கிடையாது என்பது என் வீட்டில் கண்டுபிடித்தது. சீலா மீன் வாங்கிய இடத்தில் சாளை வாங்கினோம். பெருநாள் உடுப்பு வருடத்திற்கு ஒன்று. அதுவும் எங்கள் கடையில் மிஞ்சும் துண்டுத் துணியில் எடுத்துத் தைத்தது. பெரியவனின் சட்டை சின்னவளுக்கு ஆகாதே என்று வருத்தப்பட்டாள்; பிறகு அதைத் தலையணை உறையாக்கினாள்.

அந்த அலுவலகத்தில் ஆயிரம் ஆயிரமாக வாங்கமாட்டோம், குறைந்தது மூன்று தவணைத் தொகையாவது சேர்த்துக் கொண்டுவா என்றார்கள். சரி என்று ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தோம். பதினைந்தாயிரம் சேர்ந்ததும் கொண்டுபோய்க் கட்டுவேன். தீபாவளி போனஸ் வந்தால் கவரைப் பிரிக்காமலே டின்னுக்குப் போகும். பவுன் இருபதாயிரத்தைத் தாண்டியிருந்த 2012இல் அவளாகவே இரண்டு வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். அடகு வைக்கலாம் என்றேன். "ஒரு வட்டியை அடைக்க இன்னொரு வட்டியா? வித்துட்டு வாங்க" என்றாள்.

டின் என்னைக் கெடுத்த விதம்

இதுவரை சொன்னதைக் கேட்டு மாஷா அல்லாஹ் என்று தலையாட்டுகிறீர்கள். இனிமேல் சொல்வதையும் கேளுங்கள்.

சிக்கனம் கையில் பழகப் பழக எனக்கு அதில் ஒரு ருசி வந்துவிட்டது. டின்னைத் தூக்கிப் பார்ப்பேன். கனத்தால் சந்தோஷம். பிள்ளைகள் மின்விசிறியை நிறுத்த மறந்தால் அடி. மகளின் பள்ளியில் கன்னியாகுமரிக்கு அழைத்துப் போனார்கள், இருநூறு ரூபாய். "கடல் எங்கே போய்விடும், பிறகு பார்க்கலாம்" என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துவிட்டாள். விருந்தாளி வந்தால் எப்போது எழுந்திருப்பார்கள் என்று கடிகாரத்தைப் பார்ப்பேன். கடன் இருக்கிறதே, கடன் இருக்கிறதே! எதைக் கேட்டாலும் இதுதான் பதில்.

2010இல் ஒரு நாள் காலையில் என் தங்கச்சி வந்தாள். அவள் மாப்பிள்ளை கூலி வேலை. சின்னப் பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்கிறார்கள், இரண்டாயிரம் இருந்தால் கொடு காக்கா என்று வாசலில் நின்று கேட்டாள். உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை. டின்னில் பதின்மூவாயிரம் இருந்தது. இன்னும் இரண்டாயிரம் சேர்ந்தால் போய்க் கட்டலாம் என்று இருந்த நேரம். நான் சொன்னேன்: "நானே கடன்காரன், என்னிடம் எங்கே இருக்கு?"

அவள் திரும்பிப் போனாள். செங்கல் சுவர் ஓரமாக அவள் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. டின்னைத் திறந்து மூவாயிரத்தை எண்ணி எடுத்து, பர்தாவைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போய்விட்டாள். மாலையில்தான் திரும்பினாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது, அல்ஹம்துலில்லாஹ். இன்று அவன் கல்லூரியில் படிக்கிறான். எனக்கு சலாம் சொல்லும்போதெல்லாம் அந்தக் காலை நேரம் எனக்கு ஞாபகம் வரும். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

அன்றிரவு அவள் சொன்னாள்: "கடன் நம்ம ரெண்டு பேருக்கும்தான். அதை ஏன் அந்தப் பிள்ளை தலையில வைக்கீங்க?"

அந்த வாரம் ஜும்ஆ முடிந்ததும் இமாம் அவர்களிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் குர்ஆனை எடுத்து பதினேழாவது அத்தியாயத்தில் 26, 27 வசனங்களை வாசிக்கச் சொன்னார். வீண்விரயம் செய்கிறவர்களைப் பற்றிய கடுமையான எச்சரிக்கை அங்கேதான் வருகிறது. நாம் எல்லோரும் மேடையில் சொல்வது அதைத்தான். ஆனால் அதற்கு முன்னால் என்ன வருகிறது என்று பார்க்கச் சொன்னார். உறவினருக்கும் ஏழைக்கும் வழிப்போக்கனுக்கும் உரியதைக் கொடுக்கும் கட்டளை முதலில் வருகிறது. விரயம் செய்யாதே என்பது அதற்கு அடுத்துத்தான் வருகிறது. இரண்டு வசனம் தள்ளி, கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்வதும் கூடாது, ஒரேயடியாக விரித்துவிடுவதும் கூடாது என்று வருகிறது.

பேரேட்டில் எதை முதல் வரியில் எழுதுகிறோம் என்பது முக்கியம். நான் வரிசையை மாற்றி எழுதியிருந்தேன்.

மறுநாள் நோட்டில் மூன்றாவதாக ஒரு பக்கம் போட்டோம். சொந்தத்திற்கும் அண்டை வீட்டுக்கும் கொடுப்பது. மாதம் இருநூறு. அது தவணையைப் போல, எடுத்து வைத்துவிட்ட பிறகுதான் மற்றது. அதனால் கடன் முடிய சில மாதம் கூடுதலாகியிருக்கும். நான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. மகளை அடுத்த வருடம் கன்னியாகுமரிக்கு நாங்களே கூட்டிப்போனோம். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனோம்.

இந்த வீட்டுக்கு எப்படி அல்ஹம்துலில்லாஹ் சொல்வது?

அந்த இமாமிடம் இன்னொன்றும் கேட்டேன். இது பல பேர் மனதில் இருந்து அரிக்கும் கேள்வி. "வட்டிக் கடனில் கட்டிய வீடு இது. இதற்கு நான் நன்றி சொன்னால் பாவத்திற்கு நன்றி சொன்னதாக ஆகாதா?" இரண்டு வருடமாக அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கியதில்லை. மழை பெய்தால் நனையாமல் இருக்கிறோமே என்று சந்தோஷப்படக்கூடக் கூச்சமாக இருக்கும்.

அவர் சிரித்தார். செய்த காரியத்திற்குத் தவ்பா செய், தலைக்கு மேல் இருக்கும் கூரைக்கு நன்றி செலுத்து, சீக்கிரம் கடனை விட்டு வெளியே வா, இந்த மூன்றில் ஒன்று மற்றதைத் தடுக்காது என்ற கருத்தில் சொன்னார். நன்றி மறந்தவன் வீட்டை வெறுப்பான், வீட்டை வெறுத்தவன் அதை மீட்கப் பாடுபடமாட்டான் என்றும் சொன்னார். இது அவர் எனக்குச் சொன்ன அறிவுரை. மார்க்கத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, "அப்படியானால் நாமும் வாங்கலாம்" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். உங்கள் கேள்வியை உங்கள் ஆலிமிடம் கேளுங்கள்.

நபி (ஸல்) அவர்கள் கடனிலிருந்து பாதுகாப்புத் தேடித் தொழுகையில் துஆ செய்வார்கள் என்பது புகாரியில் இருக்கிறது. ஏன் இத்தனை தடவை கேட்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்குக் கொடுத்தால் மாறுகிறான் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். "என்னிடம் எங்கே இருக்கு?" என்று தங்கச்சியிடம் நான் சொன்னது அந்தப் பொய்தானே!

அதே நபி (ஸல்) அவர்கள் மரணிக்கும்போது அவர்களது கவச உடை ஒரு யூதரிடம் அடமானத்தில் இருந்தது. வாங்கியது வீட்டுச் சாப்பாட்டுக்கு முப்பது ஸாவு வாற்கோதுமை. அதில் வட்டி இல்லை. என் கடனை அதோடு ஒப்பிடும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆனால் அடமானம் வைத்தவன் என்று ஊரில் தலைகுனிந்து நடந்த காலத்தில், அந்தச் செய்தி எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

என் உம்மா படிக்காதவர்கள். பெருநாளுக்கு வந்த ஒரு சொந்தக்காரி சுவரைப் பார்த்து, "இன்னும் பூசலையா?" என்று இழுத்தாள். உம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்கள்: "பூசாட்டி மழை உள்ளே வருதா? நாலு வீடு தள்ளுவண்டி தள்ளினவ நான். எனக்கு இது அரண்மனை." 2014இல் உம்மா மவுத்தானார்கள். அந்த வீட்டில் இருந்துதான் சந்தூக் போனது. யாரும் காலி செய்யச் சொல்லாத வீட்டிலிருந்து.

சமுதாயத்துக்கு ஒரு வார்த்தை

இது கணக்குப்பிள்ளையின் வேலை இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். வட்டியில்லா வங்கிமுறைக்கு வழி செய்ய வேண்டும் என்று ரகுராம் ராஜன் தலைமையிலான நிதித்துறைச் சீர்திருத்தக் குழு 2008இல் பரிந்துரைத்தது. பல வருடம் பேச்சு நடந்தது. அந்த யோசனையை மேற்கொண்டு கொண்டுபோவதில்லை என்று முடிவெடுத்துவிட்டதை 2017இல் ரிசர்வ் வங்கி தெரிவித்தது. கோரிக்கை வைப்பதைத் தலைவர்கள் தொடரட்டும். அதுவரை நாம் என்ன செய்கிறோம்? ஜகாத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினரைச் சொல்லும் வசனத்தில் (9:60) கடன்பட்டவரும் ஒரு பிரிவு. ரமலானில் சேலையும் அரிசியும் பங்கு வைக்கிற நாம், ஒரு கடன்காரரின் கடைசி இருபதாயிரத்தை அடைத்துப் பத்திரத்தை மீட்டுக் கொடுத்தோம் என்று எத்தனை மஹல்லாவில் சொல்ல முடியும்? கல்யாணத்திற்கு மண்டபமும் நகையும் கேட்டுப் பெண் வீட்டாரின் பத்திரத்தை வெளியே அனுப்பிவிட்டு, அதே மேடையில் வட்டியைக் கண்டித்துப் பேசுகிறோம்.

கடனில் இருப்பவர்களுக்குச் சில விஷயம்

வருடம் ஒரு தடவையாவது பாக்கித் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் அசல் எவ்வளவு, மீதி மாதம் எத்தனை என்று பாருங்கள். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ வட்டி நான்கிலிருந்து ஆறரைக்கு ஏறியது. எனக்கு 2008இல் நடந்தது அப்போது பல பேருக்கு நடந்தது. வட்டியை மாற்றும்போது கடன்காரருக்குத் தெரிவிக்க வேண்டும், தவணையைக் கூட்டுவதா மாதத்தை நீட்டுவதா என்று அவரைக் கேட்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஆகவே கேளுங்கள். 2025இல் ரெப்போவைப் பல தடவை குறைத்தார்கள். உங்கள் தாளில் அது குறைந்திருக்கிறதா? வட்டி குறைந்த காலத்தில் எனக்கு அது தானாக வரவில்லை. புதிதாக வாங்குகிறவர்களுக்குத்தான் குறைத்தார்கள். பழையவன் நான் மனுக் கொடுத்துக் கட்டணமும் கட்டிய பிறகுதான் குறைந்தது.

தவணை குறைந்தால் மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். பழைய தொகையையே கட்டுங்கள். மாறும் வட்டியில் உள்ள தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று 2012 ஜூனிலேயே உத்தரவு வந்துவிட்டது. யாராவது கேட்டால் அதைச் சொல்லுங்கள்.

கடைசித் தவணையோடு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். பத்திரத்தைக் கையில் வாங்குங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணத்தைப் பதிவு செய்து, வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு உங்கள் பிள்ளைகள் அலைவார்கள். நான் 2017 செப்டம்பரில் கடைசிப் பணத்தைக் கட்டினேன். மொத்தம் கட்டியது எட்டு லட்சத்து நாற்பதாயிரத்துச் சொச்சம். பத்திரம் வேறு ஊரில் இருக்கிறது, வரும், வரும் என்று நாலு மாதம் இழுத்தார்கள். இப்போது அப்படி இழுக்க முடியாது. கடன் தீர்ந்த முப்பது நாளுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், அவர்களால் தாமதமானால் நாளொன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் தர வேண்டும் என்ற விதி 2023 டிசம்பர் முதல் இருக்கிறது.

2018 ஜனவரியில் பத்திரம் வந்தது. அவள் அதை வாங்கிப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினாள். அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் சுவரைப் பூசிவிடலாமா என்று கேட்டேன். "தெருப்பக்கம் மட்டும் பூசுவோம், மற்றது பிறகு" என்றாள். தவணைத் தொகையை ஒரு வருடம் அப்படியே எடுத்து வைத்தோம். அதிலிருந்து வட்டியில்லாமல் முதல் கைமாற்று வாங்கியது என் தங்கச்சி. திருப்பிக் கொடுத்துவிட்டாள். அது இப்போது ஐந்தாவது குடும்பத்தின் கையில் இருக்கிறது. கொடுப்பதையும் வாங்குவதையும் இரண்டு சாட்சி வைத்து எழுதிக்கொள்கிறோம். குர்ஆனின் மிக நீளமான வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியது அல்லவா?

அந்தப் பழைய நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். மேசை மேல் இருக்கிறது. மூன்று பக்கமாகப் பிரித்து எழுதியதைப் பார்க்க விரும்புகிறவர்கள் தொழுகை முடிந்ததும் பார்க்கலாம். சகோதரிகள் கேட்டால் என் வீட்டில் அவளே அந்தப் பக்கம் வந்து காட்டுவாள், இன்ஷா அல்லாஹ். பாக்கித் தாளை வைத்துக்கொண்டு கணக்குப் புரியாமல் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் திண்ணைக்கு வாருங்கள். உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம். பாங்கு சொல்லும் நேரமாகிவிட்டது. வஸ்ஸலாம்.